வடகோடி ஊர்களில் சூரிய மின்சாரம்: குமரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் யூகான் பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கும் ஓல்டு குரோ என்ற சிற்றூர் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். சாலைத் தொடர்பே இல்லாத, ஏறக்குறைய 250 பேர் மட்டும் வாழும் அந்த ஊருக்கு, ஜெனரேட்டருக்கான டீசல்கூட விமானத்தில்தான் வந்து சேர வேண்டும். அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்து எழுதிய வாசகர்களின் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்): என் மகன் வட நார்வேயில் டிராம்சோ நகரில் வேலை செய்கிறான். மே மாதக் கடைசியிலிருந்து இரண்டு மாதங்களுக்கு அங்கே சூரியன் மறைவதே இல்லை என்கிறான். அப்படியானால் நம் ஊரைவிட அங்கேதானே சோலார் மின்சாரம் அதிகம் கிடைக்க வேண்டும்?

பதில்: உங்கள் ஊகத்துக்கு அடிப்படை உண்டு. டிராம்சோ ஏறத்தாழ 70 பாகை வட அட்சத்தில் இருப்பதால், மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை அங்கே சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஜூன் 21-ஐ ஒட்டிய ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, காற்று மண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் வந்து விழுகிறது என்று கணக்கிட்டால், நிலநடுக்கோட்டைக் காட்டிலும் வட துருவத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகவே கிடைக்கிறது. வானத்தில் தாழ்வாகச் சுற்றி வரும் சூரியனின் ஒளி சாய்வாகவும் நீண்ட தொலைவுக்குக் காற்றைக் கடந்தும் வருவதால், தரையை அடையும்போது அதில் கணிசமான பகுதி குறைந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒரு நாளின் கணக்கு ஆண்டின் கணக்காகாது. நாகர்கோவில் 8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குள்தான். மார்கழியில்கூட உச்சி வேளையில் சூரியன் அடிவானத்திலிருந்து 58 பாகை உயரத்தில் நிற்கிறது. ஓல்டு குரோவில் ஜூன் மாத உச்சிப் பொழுதிலேயே அது 46 பாகைக்கு மேல் எழுவதில்லை. டிசம்பர் நடுவிலோ முழுதாக உதிப்பதே இல்லை. நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று சோலார் பொருத்துவோர் சொல்வதுண்டு. ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்கு மேல் வரும். ஓல்டு குரோவின் 940 கிலோவாட் நிலையம் ஆண்டுக்கு 1,89,000 லிட்டர் டீசலை மிச்சப்படுத்தும் என்று திட்டமிடப்பட்டது. ஒரு லிட்டர் டீசலுக்கு 3.5 முதல் 4 யூனிட் வரை கிடைக்கும் என்று கொண்டால், 1 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 700 முதல் 800 யூனிட் என்று வருகிறது. நமக்குக் கிடைப்பதில் பாதி அளவு.

அந்தப் பாதியும் ஆண்டு முழுவதும் பரவிக் கிடைப்பதில்லை. மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் இடையிலேயே ஏறக்குறைய முழுவதும் வந்து முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த ஊர்களில் ஆண்டுச் சராசரியைச் சொல்லித் திட்டம் போடுவது, ஐப்பசியில் மறுகால் பாய்ந்த தண்ணீரைக் கணக்கில் காட்டிப் பங்குனியில் வற்றிக் கிடக்கும் குளத்தை நம்பி நடவு செய்யச் சொல்வதற்கு ஒப்பாகும். எந்த மாதத்தில் எவ்வளவு கிடைக்கிறது, எந்த மாதத்தில் எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்க்காமல் அங்கே ஒரு பேனலைக்கூட நிறுத்தக் கூடாது. நம் மாவட்டத்துக்கும் இது பொருந்தும் என்பதைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் விளக்குகிறேன்.

கேள்வி (ரப்பர் வியாபாரி, மார்த்தாண்டம்): மின்சாரம் அதிகம் தேவைப்படுவதே குளிர்காலத்தில்தான் என்னும்போது, அந்தச் சமயத்தில் கைகொடுக்காத ஒன்றுக்கு இவ்வளவு பணத்தைச் செலவிடுவது சரியா?

பதில்: அந்த ஊர்களில் சூரிய மின்சாரத்தின் போட்டி, நம் வீட்டுக்குக் கம்பியில் வரும் மின்வாரிய மின்சாரத்தோடு இல்லை, நெடுந்தொலைவு சுமந்து கொண்டுவரப்படும் டீசலோடு. அலாஸ்காவில் பல கடற்கரை, ஆற்றங்கரைக் கிராமங்களுக்குப் பனிக்கட்டி உருகிய சில மாதங்களில் மட்டும் எண்ணெய்ப் படகு வருகிறது. ஓராண்டுக்கு வேண்டியதை அப்போதே வாங்கித் தொட்டிகளில் நிரப்பிவைக்க வேண்டும். பணத்தையும் அப்போதே திரட்ட வேண்டும். படகு வராவிட்டால் விமானம்தான். அங்கே மின்கட்டணம் பெருநகரங்களைவிடப் பல மடங்கு உயர்ந்திருப்பதால், 1980-களின் நடுவிலிருந்து அலாஸ்கா மாநில அரசு அதில் ஒரு பகுதியை மானியமாக ஏற்றுவருகிறது. அத்தகைய இடத்தில், கோடையில் மட்டும் மிச்சமாகும் டீசலும் பெரிய தொகைதான். கோடையில் எரிக்காத எண்ணெய் குளிர்காலத்துக்குத் தொட்டியில் இருக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. டீசல் எஞ்சினை அதன் திறனில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழான சுமையில் நெடுநேரம் ஓட்டக் கூடாது. எரிபொருள் முழுதாக எரியாமல் கரி படிந்து எஞ்சின் கெடும். எனவே வெறும் பேனல்களை மட்டும் வைத்தால், நல்ல வெயில் நேரத்திலும் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மிகுதியாகும் சூரிய மின்சாரத்தை வீணாக்க வேண்டியதுதான். பேட்டரியும், ஊரின் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் தானே நிலைநிறுத்தக்கூடிய இன்வெர்ட்டரும் சேரும்போதுதான் எஞ்சினை முழுவதுமாக நிறுத்த முடியும். ஓல்டு குரோவில் 2021-இல் இயங்கத் தொடங்கிய நிலையத்துக்கு 616 கிலோவாட் மணி (அதாவது 616 யூனிட்) கொள்ளளவுள்ள பேட்டரியை வைத்ததற்குக் காரணம் இதுவே. இரவுக்குச் சேமிப்பதைவிட, கோடையில் எஞ்சினை அணைத்து வைக்க உதவுவதே அதன் முதன்மையான வேலை. அந்த நிலையம் ஊரின் ஆண்டு மின்தேவையில் ஏறத்தாழ 24 சதவீதத்தைத் தரும் என்று கணக்கிடப்பட்டது. மீதிக்கு இன்னும் டீசல்தான். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் மிகவும் மதிப்பது அந்தத் திட்டத்தின் உடைமை அமைப்பை. 2019-இல் காலநிலை நெருக்கடியை அறிவித்த வுண்டுட் குவிச்சின் பழங்குடி மக்களின் அரசே நிலையத்தின் உரிமையாளர். அவர்கள் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை, ஊருக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனம் 25 ஆண்டு ஒப்பந்தப்படி விலைக்கு வாங்குகிறது. முன்பு எண்ணெய்க்காக ஊரைவிட்டு வெளியேறிய பணத்தில் ஒரு பகுதி இப்போது ஊருக்குள்ளேயே தங்குகிறது.

கேள்வி (சோலார் பொருத்தும் தொழில் செய்பவர், தக்கலை): மைனஸ் 40 டிகிரிக் குளிரில் பேனலும் பேட்டரியும் எப்படித் தாங்குகின்றன? பனி மூடிவிடாதா? எந்தச் சாய்வில் பொருத்துகிறார்கள்?

பதில்: குளிர் பேனலுக்கு நல்லது. சிலிக்கான் பேனலின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அதன் திறன் சுமார் 0.35 சதவீதம் குறைகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடியில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது 12 சதவீதம் இழக்கிறோம். வடக்கே ஒரு தெளிந்த ஏப்ரல் நாளில் பேனல் 0 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதோடு, புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. குளிர், நீளும் பகல், தெளிந்த வானம், தரையில் இன்னும் உருகாத பனி ஆகிய நான்கும் ஒன்றுசேரும் இளவேனில் மாதங்கள் அங்கே விளைச்சல் மிகுந்த காலம்.

ஆனால் அதே குளிர் மின்னழுத்தத்தையும் உயர்த்துகிறது. 50 வோல்ட் பேனல்கள் இருபதைத் தொடராக இணைத்து 1,000 வோல்ட் என்று கணக்கிட்டு வைத்த வரிசை, மைனஸ் 40 டிகிரியில் விடியற்கால ஒளி பட்டதும் 1,180 வோல்ட்டை நெருங்கிவிடும். 1,100 வோல்ட்டுக்கு மேல் தாங்காத இன்வெர்ட்டர் அந்த நொடியிலேயே பழுதாகலாம். நம் ஊரில் 20 டிகிரிக்குக் கீழே போகாது என்ற எண்ணத்தில் கணக்கிட்டுப் பழகியவர்கள், அங்கே போய் வேலை செய்வதானால் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

சாய்வைப் பொறுத்தவரை, குமரியில் தெற்கு நோக்கிப் 10 பாகை சாய்த்தால் போதும். அதுவும் பெரும்பாலும் மழைநீரோடு தூசி வழிந்து போவதற்காகத்தான். 65 பாகை அட்சத்துக்கு அப்பால் தெற்கு நோக்கி 50, 60 பாகைக்கு மேல் நிமிர்த்தி வைக்கிறார்கள். தாழ்ந்த சூரியனை நேராகப் பார்க்கவும், பனி சறுக்கி விழவும் அது உதவுகிறது. இரண்டு பக்கமும் ஒளியை ஏற்கும் இருமுகப் பேனல்களைச் செங்குத்தாக, கிழக்கும் மேற்கும் பார்க்கும்படி சுவர்போல நிறுத்தும் முறையும் பரவிவருகிறது. கோடையில் சூரியன் வடக்குப் பக்கமாகவும் சுற்றி வருகிற இடத்தில் காலையிலும் மாலையிலும் இது நிறையத் தருகிறது. பனி அதன்மேல் தங்குவதே இல்லை. தரைப்பனி திருப்பும் ஒளியும் இரு முகங்களிலும் படுகிறது. டீசல் எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் ஊருக்கு, நண்பகலில் மட்டும் உச்சம் தொடும் உற்பத்தியைவிட நாள் முழுவதும் பரவி வரும் உற்பத்தியே வசதியானது.

பேட்டரிதான் குளிருக்கு அஞ்ச வேண்டியது. லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றம் செய்தால் எதிர்மின்முனையில் உலோக லித்தியம் படிந்து அது நிரந்தரமாகக் கெடும். ஈய அமில பேட்டரி முழு மின்னேற்றத்தில் இருக்கும்போது மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. மின்சாரம் தீர்ந்த நிலையில் மைனஸ் 10 அளவிலேயே உறைந்து வெடிப்பு விடக்கூடும். ஆகவே அவற்றைச் சூடாக்கி வசதியுடன், வெப்பம் வெளியேறாதபடி தடித்த காப்புறை இட்ட அறைகளில் வைக்கிறார்கள். தாங்கிகளுக்கான அடித்தளமும் தனிக் கவனம் கேட்பது. நிலம் ஆழத்தில் நிரந்தரமாக உறைந்தும், மேலடுக்கு ஆண்டுதோறும் உருகி மீண்டும் உறைந்தும் வருவதால், மேலோட்டமாகப் போட்ட கான்கிரீட் அடித்தளத்தை நிலமே மேலே தள்ளிவிடும். அதனால் உறைந்த அடுக்குக்குள் இறங்கும் இரும்புத் தூண்களையோ, திருகுபோல நிலத்துக்குள் செலுத்தும் தூண்களையோ நாட்டுகிறார்கள்.

கேள்வி (மீனவர், குளச்சல்): அங்கே கடற்கரை ஊர்களில் காற்றாலை வைத்துக்கொள்ளலாமே?

பதில்: வைத்திருக்கிறார்கள். அலாஸ்காவின் வடமேற்குக் கடற்கரையில் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி உள்ள காட்சபியூ ஊரின் மின் கூட்டுறவுச் சங்கம் 1997-இலேயே காற்றாலைகளை நிறுவத் தொடங்கியது. 2020-இல் சூரியப் பேனல்களையும் சேர்த்துக்கொண்டது. அக்கடற்கரைகளில் குளிர்காலக் காற்று வலுவானது. சூரியன் ஒளிந்துகொள்ளும் மாதங்களில் காற்றும், காற்று தளரும் கோடையில் சூரியனும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நம் மாவட்டத்திலும் இதே பொருத்தம் வேறு உருவில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சீறிப் பாயும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் முப்பந்தல் காற்றாலைகள் மும்முரமாகச் சுழல்கின்றன. மேகமும் சாரலும் சூரியப் பேனல்களின் உற்பத்தியைக் குறைப்பதும் அதே மாதங்களில்தான். ஆனால் காற்றாலையின் இறக்கைகளில் பனி உறைந்தால் சுழற்சி நின்றுபோகும்; பழுதைச் சரிசெய்யத் தொழில்நுட்பப் பணியாளர் விமானம் ஏறி வர வேண்டும். அசையும் பாகம் ஏதும் இல்லாத பேனலைச் சிற்றூர்கள் விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி (பள்ளி மாணவி, பூதப்பாண்டி): அண்டார்டிகாவில் உள்ள நம் ஆய்வு நிலையங்கள் சூரிய மின்சாரத்திலா இயங்குகின்றன?

பதில்: 1989 முதல் செயல்படும் மைத்ரியும் 2012 முதல் செயல்படும் பாரதியும் ஆண்டு முழுவதும் ஆட்கள் தங்கும் நிலையங்கள் என்பதால், அவை முதன்மையாக எரிபொருள் ஜெனரேட்டர்களையே சார்ந்திருக்கின்றன. பெல்ஜியத்தின் பிரின்சஸ் எலிசபெத் நிலையம் 2009-இல், காற்றாலைகளையும் சூரியப் பேனல்களையும் முதன்மை ஆதாரமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அங்கே ஆய்வாளர்கள் கோடையில் மட்டுமே தங்குவது அதற்குச் சாதகமாக அமைந்தது.

கேள்வி (இல்லத்தரசி, ஆரல்வாய்மொழி): கோடையின் வெப்பத்தையே சேமித்து வைத்துக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வழி இல்லையா?

பதில்: மிக நல்ல கேள்வி, ஏனெனில் வடகோடி வீடுகளில் விளக்குக்கும் கருவிகளுக்கும் ஆகும் ஆற்றலைவிடக் கணப்புக்கு ஆகும் ஆற்றலே அதிகம். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், 51 பாகை அட்சத்தில் உள்ள ஒகடோக்ஸ் ஊரில் 52 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று 2007-இல் இதைச் செய்து காட்டியது. கோடையில் கூரைகளில் சூடாக்கிய நீரின் வெப்பத்தை நிலத்தில் துளைத்த ஆழ்துளைகள் வழியாக மண்ணுக்குள் செலுத்திச் சேமித்து, குளிர்காலத்தில் திருப்பி எடுத்தார்கள். 2012-இல் அறைகளைச் சூடாக்கும் தேவையில் 97 சதவீதம் அப்படியே நிறைவேறியது. பின்னர்க் கருவிகள் முதுமையடைந்து, அவற்றுக்கான மாற்றுப் பாகங்கள் எளிதில் கிடைக்காமல், 2024-இல் அதைக் கைவிடும் முடிவுக்கு வந்தார்கள். இத்தனைக்கும் அது பெருநகருக்கு அருகில் இருந்த ஊர். தொலைதூர ஊரில் தனித்தன்மை வாய்ந்த கருவிகளை வைக்கும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

கேள்வி (காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் பணிபுரியும் ஆசிரியர், பேச்சிப்பாறை): எங்கள் மலைக் குடியிருப்பில் 12 வீடுகள் இருக்கின்றன. நன்கொடையாக வந்த சூரிய விளக்குகள் இரண்டாவது மழைக்காலத்தில் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. கேட்டால், “வெயில் போதாது” என்கிறார்கள். வெயிலே குறைந்த ஊர்களில் ஓடுவது இங்கே ஏன் ஓடவில்லை?

பதில்: உங்கள் கடிதம்தான் இந்த இதழில் இவ்வளவு விரிவாக எழுதத் தூண்டியது. உங்கள் குடியிருப்புக்கு வெயில் போதாது என்று சொல்வது தவறு. ஆண்டுக்கு அங்கே கிடைக்கும் சூரிய ஆற்றல் ஓல்டு குரோவுக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம். அங்கே இருந்து இங்கே இல்லாமல் போனவை இரண்டு: மிக மோசமான மாதத்தை வைத்துப் போட்ட கணக்கும், பராமரிக்கும் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்ட உள்ளூர்க்காரரும்.

கணக்கை முதலில் பார்ப்போம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் மலையோரத்தில் நாள் கணக்கில் மேகம் கலையாது, மரநிழலும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்கு மூன்று எல்இடி விளக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி ஒன்று, கைபேசி மின்னேற்றம், சிறிய தொலைக்காட்சி என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு அரை யூனிட் ஆகும். 12 வீடுகளுக்கு 6 யூனிட். 1 கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்ற சராசரியை நம்பினால் 1.5 கிலோவாட் பேனல் போதும் என்று தோன்றும். மழை மாதத்தையும் நிழலையும் எண்ணி 2 யூனிட்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு 3 கிலோவாட் போடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வெயில் முகம் காட்டாவிட்டாலும் சமாளிக்க 18 யூனிட் கையிருப்பு வேண்டும். பேட்டரியை முழுதாகத் தீர்க்கக் கூடாது என்பதால் 22 யூனிட் கொள்ளளவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். வீட்டுக்கு வீடு சிறு பெட்டி வைப்பதைவிட, மரநிழல் விழாத ஒரு பொது இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, அங்கிருந்து கம்பி இழுப்பதே பராமரிப்புக்கு ஏற்றது. உங்களுக்கு வந்த விளக்குகளின் பேட்டரி, மேகமூட்டமான வாரங்களில் ஒவ்வொரு நாளும் அடிவரை தீர்ந்து தீர்ந்தே செத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது ஆள். குடியிருப்பிலேயே வாழும் இருவருக்கு, ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும், முனைகளில் படியும் துருவைத் துடைப்பது, ஃபியூஸ் மாற்றுவது, மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் எண்களைக் குறித்து வைப்பது, வளரும் கிளைகளை வெட்டுவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்து, மாதம் ஒரு சிறு ஊதியமும் தர வேண்டும். வீட்டுக்கு மாதந்தோறும் ஒரு தொகையைச் சேர்த்து வங்கியில் போட்டு வந்தால்தான், பேட்டரி ஆயுள் முடியும் ஆண்டில் யார் வாசலிலும் நிற்க வேண்டியிராது. நாகர்கோவில் கடைகளில் கிடைக்காத எந்தப் பாகமும் திட்டத்தில் இடம்பெற வேண்டாம்.

காட்டு நிலத்தில் இதற்கு அனுமதி கிடைக்குமா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் தெரிகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, அரசு நிர்வகிக்கும் பொது வசதிகளுக்காகக் காட்டு நிலத்தைப் பயன்படுத்த இடமளிக்கிறது. அந்தப் பட்டியலில் மின்கம்பிகளும் மரபுசாரா ஆற்றல் ஏற்பாடுகளும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. ஒவ்வொரு பணிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். 3 கிலோவாட் பேனலுக்குச் சில சென்ட் நிலம்கூடத் தேவைப்படாது. நல்ல இடமாகத் தேர்ந்தால் மரம் வெட்டவும் வேண்டியிராது. எனவே குடியிருப்பு மக்களோடு அமர்ந்து மேலே உள்ள கணக்கை உங்கள் வீடுகளின் தேவைக்கேற்பத் திருத்தி எழுதி, இடத்தின் வரைபடத்தையும் பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் இருவரின் பெயரையும் இணைத்து, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாக முன்வையுங்கள். தீர்மானத்தின் நகலை வனத்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.